முன் சீட்

நவம்பர் 9, ஞாயிறு

மேல்தொட்டியைக் கழுவ வந்தவன் கழுவிய தண்ணீரை மாடிப்படி முழுக்க விட்டுவிட்டுப் போய்விட்டான். துடைத்தது நான்தான். மாடி அறையில் கிடந்த நெல் மூட்டை, ஓடாத மிக்ஸி, பேப்பர் கட்டு எல்லாவற்றையும் கீழே இறக்கியாயிற்று. இடுப்பு விட்டுப்போயிற்று.

மகள் மங்கை செவ்வாய்க்கிழமை வருகிறாள். லீவுக்கு. குழந்தை நறுமுகையும் வருகிறது. மாப்பிள்ளைக்கு ஆபீஸில் விடுப்பு கிடைக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து கொழும்பு, அங்கே விமானம் மாறித் திருச்சி.

காலையிலேயே சிங்காரம் வந்து நின்றான். என் மனைவி வள்ளியின் தம்பி, சொந்தமாக வேன் ஓட்டுகிறான்.

"மச்சான், செவ்வாக்கெழமைக்கு வண்டிய யாருக்கும் குடுக்கல. யார் யாரு வர்றாகன்னு அக்காட்ட கேட்டேன். உங்களக் கேக்கச் சொல்லுது."

"வேன் வேணாம். நான் பஸ்ஸுல போயிக் கூட்டியாந்துர்றேன்."

"பஸ்ஸுலயா? சின்னப்புள்ளையோட வருதே."

"வேணாம்னா விடப்பா."

போய்விட்டான். முகம் தொங்கிவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் அறந்தாங்கிப் பக்கம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் திருச்சிக்கு வேன் போயே ஆக வேண்டும். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் வரை ஏறிக்கொள்வார்கள். தூக்குவாளியில் புளிச்சோறு போகும். திரும்பும்போது டிரைவருக்குப் பக்கத்து முன் சீட் வந்தவருக்கு. எண்பது வயதுக் கிழவர் வண்டியில் இருந்தாலும் அன்றைக்கு அவர் பின்னால்தான். பெட்டிகள் கூரை மேல். தெருமுனை வந்ததும் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டார். வாசலுக்கு ஓடி வருகிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார்கள்.

எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மங்கை வந்தபோது இரண்டு வேன் எடுத்தோம். அது வேறு.

மத்தியானம் வள்ளி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "போன தடவ நேரா வந்துச்சே. இப்ப எதுக்குக் கொழும்ப சுத்திக்கிட்டு வரணும்?"

"வெல கம்மி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

நவம்பர் 10, திங்கள்

மழை. மாடி அறைக் கட்டிலுக்கு ஒரு பக்கம் கம்பி வைத்தேன், குழந்தை உருண்டு விழாமல் இருக்க. ஆசாரி ஒழுங்காக முடுக்கவில்லை, நானே மறுபடி முடுக்கினேன்.

கடைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் குழந்தைக்கு எல்.கே.ஜி. பற்றி விசாரித்தேன். விசாரித்து வைப்பதில் தப்பில்லை. ஜூனில்தான் சேர்க்கையாம். ஜூனில் அது இங்கே எதற்கு இருக்கப்போகிறது என்று அவர்களிடம் நானே சொல்லிவிட்டு வந்தேன்.

மங்கை போன் செய்தாள். ஒரே ஒரு பெட்டிதானாம். மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு கிளம்புகிறாளாம். பக்கத்து வீட்டு மலையாளி அம்மா லிசி ஏர்போர்ட்டில் கொண்டு விடுகிறாராம். மாப்பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்திருப்பாள்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றைக்கு மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

புதுக்கோட்டை போய், அங்கிருந்து திருச்சி பஸ். கண்டக்டர் சின்னப் பையன். "ஏர்போர்ட் ஸ்டாப்ல எறக்கி விடுப்பா" என்று நான் மூன்று தடவை சொல்லியும் கொஞ்சம் தள்ளித்தான் விசில் அடித்தான். நான் பஸ் டெப்போவில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவன். அந்தக் காலமாக இருந்தால் அவனுக்கு அன்றைக்கே மெமோ.

இறங்கினால் மழை. புதுக் கட்டடம் ரோட்டிலிருந்து எங்கேயோ உள்ளே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, நடக்க நடக்க வரமாட்டேன் என்கிறது. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "பெரியவரே, ஏறிக்கங்க, நனையாதிங்க" என்றார். அவர் சொன்ன கூலிக்குப் புதுக்கோட்டைக்கே போய்த் திரும்பலாம். வேண்டாமென்று நடந்தேன். குடை ஒரு கம்பி மடங்கிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது வேட்டி முழங்கால் வரை சேறு.

கொழும்பு விமானம் நேரத்துக்கு வந்தது. ஆட்கள் வந்தார்கள். தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து, அவரவர் ஆளைப் பார்த்துச் சிரித்து, போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியாக விமானப் பணிப்பெண்களும் சின்னப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மங்கை வரவில்லை.

வாசலில் நின்ற காவலரிடம் உள்ளே போய் விசாரிக்க வேண்டும் என்றேன். டிக்கெட் இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். டிக்கெட் இருந்தால் நான் எதற்கு வெளியே நிற்கிறேன்? விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு பெண் குரல். எல்லாவற்றையும் அமுக்கினேன். பாட்டுப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு மங்கையின் செய்தி வந்தது. மஸ்கட்டில் விமானம் தாமதமாகக் கிளம்பி, இவள் கொழும்பில் இறங்கும்போது திருச்சி விமானம் போய்விட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட், தனித்தனி கம்பெனி. முதல் கம்பெனி 'கொழும்போடு எங்கள் வேலை முடிந்தது' என்கிறது. இரண்டாவது கம்பெனி 'நீ ஏன் நேரத்துக்கு வரவில்லை' என்கிறது. புது டிக்கெட் வாங்க வேண்டுமாம்.

நான் டெப்போவில் இருந்தபோது, புதுக்கோட்டை வண்டி லேட்டானால் அறந்தாங்கிக் கடைசிப் பஸ்ஸை விடமாட்டேன். டிரைவர் கத்துவார், உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். இருக்கட்டும், அந்த வண்டியில் ஊருக்குப் போக வேண்டிய ஆள் இருக்கிறார் என்பேன். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள், இதைச் சொல்ல ஒரு ஆள் போடவில்லை.

பெட்டி கொழும்போடு நிற்கிறது. அதை எடுக்க வெளியே போக வேண்டும். அதற்கு விசா மாதிரி ஒரு அனுமதி, அதற்குக் கட்டணம். மங்கையின் கையில் இருந்த கார்டு வேலை செய்யவில்லையாம். மாப்பிள்ளை பெயரில் உள்ள கார்டு. காலையில்கூட வேலை செய்ததாம், மத்தியானத்துக்கு மேல் நின்றுவிட்டதாம். பாங்கில் ஏதோ கோளாறாக இருக்கும். குழந்தையின் மாற்றுத்துணி எல்லாம் பெட்டியில்.

தனியாகத் திரும்பி வந்தேன். வள்ளி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

நவம்பர் 12, புதன்

டிக்கெட் கடை ஜமாலிடம் போனேன். இன்றைய விமானத்தில் இடமில்லை. நாளைக்குப் போட்டுக் கொடுத்தான். போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?

"அண்ணே, நான் அன்னைக்கே சொன்னேன்ல. நேர் ஃப்ளைட்டுல சீட்டு இருக்கு, வெலையும் கிட்டத்தட்ட அதேதான்னு. நீங்கதான் கொழும்பு வழியாவே போடுன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க."

ஜமாலுக்கு வாய் ரொம்ப நீளம். கடையில் வேறு ஆள் இல்லை என்பதால் விட்டேன்.

சாயங்காலம் மங்கை பேசினாள். குழந்தை நாற்காலியில் தூங்குகிறதாம். அங்கே கடையில் வேலை செய்யும் ஒரு சிங்களப் பெண் குழந்தைக்குப் பாலும் ஒரு சட்டையும் கொடுத்ததாம். நன்றாக இருக்கட்டும் அந்தப் பெண்.

"கை எப்படித்தா இருக்கு?"

"இருக்குப்பா." பிறகு கேட்டாள், "அப்பா, நேர் ஃப்ளைட்ல எடம் இருந்துச்சுன்னு லிசி அக்கா சொன்னாங்க. நீங்கதான் வேணாம்னீங்களா?"

லைன் சரியாக இல்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

பஸ் வேண்டாமென்று டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் மழை. டாக்சிக்காரர் வாசலில் இறக்கிவிட்டு, "சார், இங்க நிக்க விட மாட்டாங்க. பார்க்கிங்ல இருக்கேன். ஆள் வந்ததும் போன் போடுங்க" என்று போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்தார். ஆள் வந்தாயிற்றா, வெயிட்டிங் ஏறுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி. விமானத்தை ஓட்டுவது நானில்லை என்று சொன்னேன்.

பலகையில் கொழும்பு விமானத்துக்கு எதிரே தாமதம் என்று போட்டிருந்தது. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. காப்பி வாங்கக் கடைப்பக்கம் திரும்பினேன். எதிரே காசிநாதன்.

எங்கள் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். சிங்கப்பூரிலிருந்து அவர் மகன் வருகிறான் போல. பின்னால் அவர் வீட்டுக் கூட்டம் மொத்தமும் நின்றது. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். என் வயதில் தூணுக்குப் பின்னால் ஒளிவதெல்லாம் நடக்கிற காரியமா? பார்த்துவிட்டார்.

"என்ன அடைக்கலம், யாரக் கூப்புட வந்திய?"

"சும்மா. தெரிஞ்சவுக ஒருத்தரு."

"வேன் எங்க நிக்கிது?"

"வேனெல்லாம் இல்ல. தெரிஞ்சவருதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்போதே போன் அடித்தது. மங்கை. திருச்சிக்கு மேலே வட்டமடித்துப் பார்த்தார்களாம், மழையில் இறங்க முடியாமல் விமானத்தைச் சென்னைக்குக் கொண்டு போய் இறக்கிவிட்டார்கள். நாளைக் காலை சென்னையிலிருந்து இன்னொரு விமானத்தில் அனுப்புகிறார்களாம். காசிநாதன் மகன் வந்த விமானமும் எங்கோ போய்விட்டது என்று அந்தக் கூட்டமும் புலம்பிக்கொண்டு கிளம்பியது.

நான் சென்னைக்குக் கிளம்புகிறேன் என்றேன்.

"நீங்க வந்து சேர்றதுக்குள்ள நான் அங்க வந்துருவேன்பா. வீட்டுக்குப் போங்க." பிறகு சொன்னாள், "கைதான்பா வலிக்கிது. பாப்பாவ எறக்கி விட்டா ஓடிருது. தூக்கியே வச்சிருக்கேன்."

ஆகஸ்டில் அவளுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். அதற்கு முன்னால் ஜூனில் ஒருமுறை வழுக்கி விழுந்தாள், அப்போது நெற்றி. அதையும் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். 'மங்கை வழுக்கி விழுந்தாள்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் கரண்டு பில் கட்டியதை எழுதியிருக்கிறேன்.

ஒருத்தி இத்தனை முறை வழுக்கி விழ மாட்டாள். எனக்கு ஜூனிலேயே தெரியும்.

நேர் விமானம் வருகிற நேரத்தில்தான் நம் ஊர் வேன்கள் எல்லாம் அங்கே வந்து நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவள் ஒற்றைப் பெட்டியோடு புருஷன் இல்லாமல் வந்தால் என்ன ஏது என்று கேட்பார்கள். கொழும்பு விமானத்துக்கு நம் ஊர் ஆள் யாரும் வருவதில்லை. அதனால்தான் ஒற்றைக்காலில் நின்றேன். என் மானத்தைக் காப்பாற்ற என் மகள் உடைந்த கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நாற்காலியில் தூங்குகிறாள்.

டிக்கெட் விஷயத்தை வள்ளியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அந்தாளு கையில இருந்து தப்பிச்சு வருதுங்க. அதுக்கு நீங்க பின்வாசலத் தொறந்து விட்டிருக்கீங்க" என்றாள். சாப்பிடக் கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

விடிந்ததும் சிங்காரம் வீட்டுக்குப் போனேன். அவன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடு. ஆளுகளக் கூப்புடு. திருச்சி போகணும்."

"எல்லாரையுமா மச்சான்?"

"எல்லாரையும். ஒண்ணு சொல்லணும். மங்கை லீவுக்கு வரல. அந்தப் பய அடிக்கிறான். அது திரும்பிப் போகாது."

சிங்காரம் துணியைப் பிழிந்து கண்ணாடி மேல் போட்டான். "எங்களுக்குத் தெரியும் மச்சான். அக்கா ஆகஸ்டுலயே சொல்லி அழுதுச்சு. நீங்கதான் வெளிய தெரிய வேணாம்னு நெனைக்கிறீகன்னு நாங்களும் வாயத் தொறக்கல."

சொந்தபந்தத்துக்கே தெரிந்த விஷயத்தை நான் மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது?

வேன் நிறைந்துவிட்டது. வள்ளி புளிச்சோறு கட்டினாள். கீரனூரில் டீக்கு நிறுத்தினார்கள், கிளம்ப மாட்டேன் என்கிறார்கள். பெரியம்மாவுக்குச் சர்க்கரை இல்லாத டீ, சித்தப்பாவுக்கு வடை, ஒரு பையனைக் காணோம். ஏர்போர்ட் வாசலில் வேனை நிறுத்தினால் விசில் அடிக்கிறார்கள். ஒரு பெரியம்மா இறங்கி முடிப்பதற்குள் மூன்று விசில். சிங்காரம் பார்க்கிங் போய்த் திரும்பி வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இந்தக் கூத்து எனக்குப் பிடிக்காது என்று எழுதியது பொய்யில்லை.

காசிநாதன் கூட்டம் இன்றைக்கும் வந்திருந்தது.

"என்ன அடைக்கலம், தெரிஞ்சவரு இன்னும் வரலையா?"

"எம்மக வருது."

அவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். மேலே எதுவும் கேட்பதற்குள் கதவு திறந்தது.

மங்கை வந்தாள். குழந்தையை வலது இடுப்பில் வைத்திருந்தாள். நறுமுகை தொளதொளவென்று யாருடையதோ ஒரு மஞ்சள் சட்டை போட்டிருந்தது. மங்கையின் இடது கை மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது, தோளில் பை வழுக்கி வழுக்கி இறங்கியது. எங்களைப் பார்த்தவள், எங்களுக்குப் பின்னால் இருந்த கூட்டத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வள்ளி ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினாள். நான் பையை வாங்கினேன். அவள் முதலில் விடவில்லை, நான் இழுத்ததும் விட்டாள்.

காசிநாதன் பக்கத்தில் வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கேட்காமல் இருக்கத் தெரியாது. "என்னத்தா மங்கை, நல்லா இருக்கியா? எத்தன மாச லீவு?"

மங்கை என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேனோ அதையே தானும் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிற பார்வை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அப்படித்தான் பார்த்தாள்.

"லீவு இல்ல காசி. வந்துருச்சு. இனிமே இங்கதான் இருக்கும்."

"ஓ. மாப்ள?"

"அவன் வேணாம்."

காசிநாதன் மடியிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்தார். மகனுக்கு என்று கொண்டு வந்ததாக இருக்கும். "பெட்டியெல்லாம் ஏத்தணுமா, நம்ம பயலுக இருக்கானுக" என்றார்.

"ஒரே பெட்டி. அது கொழும்புல கெடக்கு."

வேனுக்கு வந்தோம். மங்கை யாரும் சொல்லாமலே பின்கதவுப் பக்கம் போய் பெண்களுக்குள் நுழையப் பார்த்தாள். நான் முன்கதவைத் திறந்தேன்.

"இங்க ஏறுத்தா."

"வேணாம்பா. நான் பின்னாடியே அம்மாட்ட உக்காந்துக்கிறேன். பெரியம்மா முன்னாடி உக்காரட்டும்."

"அது ஒன்னோட சீட்டு."

ஏறினாள். ஏறுவதற்குக் கை கொடுக்கும்போது இடது கையைத் தொட்டுவிடாமல் முழங்கைக்கு மேலே பிடித்தேன். கொழும்பைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கீரனூர் தாண்டியதும் அவளாகச் சொன்னாள், "நாலு நாளா ஒழுங்கா தூங்கலப்பா." சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். கண்ணாடியில் தலை இடித்துக்கொண்டே வந்தது. நான் பின்னாலிருந்து கையை நீட்டித் துண்டை மடித்து வைத்தேன்.

தெருமுனை வந்தது. சிங்காரத்தின் கை ஹாரன் பக்கம் போய் நின்றது. அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கூரையில் ஒன்றுமில்லை. வாசல்களில் ஆள் வர ஆரம்பித்திருந்தது.

"சிங்காரம், ஹாரன அடி."

மங்கை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவன் எங்கள் வாசல் வரை அடித்துக்கொண்டே போனான்.